விடியும் வரை காத்திராதீர்கள்

மூளையுறை அழற்சியில் ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு விளையாடுகிறது. கலஹா மலைத் தோட்டங்களிலிருந்து பேராதனை வரையான பாதையில் அந்த நேரத்தை எங்கே இழக்கிறோம்? எப்படி மீட்பது?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே ஓடும் வீதிக்குக் கலஹா வீதி என்று பெயர். அது ஹிந்தகலையைக் கடந்து, வளைந்து வளைந்து மலையேறி, தேயிலைச் சரிவுகளுக்குள் புகுந்து கலஹா நகரை அடைகிறது. அதற்கப்பால் தெல்தோட்டை. அந்தப் பக்கத்து மலைகளில்தான் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, இந்த நாட்டின் தேயிலைத் தொழிலைத் தொடக்கிவைத்த இடம் அது. வீதியின் கீழ்முனையில் மருத்துவ பீடமும், அருகிலேயே பேராதனை போதனா வைத்தியசாலையும், சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும் இருக்கின்றன. மேல்முனையில் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும்.

வரைபடத்தில் பார்த்தால் இது நெடுந்தூரமில்லை. பகலில் பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் இரவு பத்து மணிக்கு, மழை கொட்டும்போது, லயத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி, தலையைத் தூக்க முடியாமல் வாந்தி எடுக்கும்போது இதே தூரம் பல மடங்காகிவிடுகிறது. "பனடோல் கொடுத்திருக்கிறோம், காலையில் பார்ப்போம்" என்று யாராவது சொல்வார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு அந்தப் பேச்சு சரியாகவே இருக்கும். மூளையுறை அழற்சிக்கு அது போதாது. எது சாதாரணக் காய்ச்சல், எது அப்படியில்லை என்று பிரித்தறியும் அறிவு லயத்திலேயே இருக்க வேண்டும். அது ஒவ்வொரு தாய்க்கும் தகப்பனுக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளையையும் முதுகுத் தண்டையும் மூன்று மெல்லிய உறைகள் போர்த்தியிருக்கின்றன. அவற்றின் நடுவே தெளிந்த ஒரு நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் எந்நேரமும் சுமார் 150 மில்லிலீற்றர் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரக்கும். கிருமி அந்த நீருக்குள் புகுந்துவிட்டால் உறைகள் அழற்சி கண்டு வீங்குகின்றன. மண்டை ஓடு விரியாது. அதனால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் நெருக்கப்படுகின்றன. தலைவலியும் வாந்தியும் வலிப்பும் நினைவு தடுமாறுவதும் இதனால்தான். கழுத்தை முன்னே வளைக்கும்போது அழற்சி கண்ட உறைகள் இழுபட்டு வலிக்கின்றன. அந்த வலியைத் தடுக்க உடலே கழுத்தை விறைக்கச் செய்துவிடுகிறது.

2019இல் உலகில் சுமார் 25 இலட்சம் பேருக்கு இந்நோய் வந்ததாகவும், அவர்களில் ஏறத்தாழ 2,36,000 பேர் இறந்ததாகவும் கணக்கிடப்பட்டுள்ளது. பற்றீரியாவால் வரும் மூளையுறை அழற்சியில் ஆறு பேரில் ஒருவர் இறக்கிறார். பிழைப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு, கை கால் பலவீனம், படிப்பில் பின்னடைவு போன்ற பாரிய பாதிப்பு மிஞ்சுகிறது. 2030க்குள் இந்நோயை அடக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் ஒரு செயற்திட்டத்தையே வகுத்திருக்கிறது.

எந்தக் கிருமி, எந்த வழியில்?

எல்லா மூளையுறை அழற்சியும் ஒன்றல்ல. பெரும்பாலும் காரணம் வைரஸ்தான். குடல்வாழ் வைரஸ்கள், கூகைக்கட்டு வைரஸ், ஹேர்பீஸ், சின்னம்மை வைரஸ் எல்லாம் இந்த வகை. இவற்றில் பல தாமாகவே ஆறிவிடும். எலிக்காய்ச்சலும் சில வேளைகளில் மூளையுறைகளைத் தொடும். வயலிலும் வாய்க்காலிலும் வேலை செய்பவர்கள் நிறைந்த கண்டி மாவட்டத்தில் வைத்தியர்கள் அதையும் மனதில் வைத்தே பரிசோதிக்கிறார்கள்.

உயிருக்கு உலை வைப்பது பற்றீரியா. நியூமோகொக்கஸ் என்ற கிருமி நுரையீரல் காய்ச்சலிலிருந்தோ, நாட்பட்டுச் சீழ் வடியும் காதிலிருந்தோ மூளைக்குப் போகலாம். பிள்ளையின் காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் விட்டுப் பஞ்சை அடைத்து விடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது இதனால்தான். மெனிஞ்சோகொக்கஸ் என்பது இன்னொன்று. பத்துப் பேரில் ஒருவர் தொண்டையிலும் மூக்கிலும் அது எந்தத் தீங்கும் செய்யாமல் தங்கியிருக்கும்; இருமல், தும்மல், நெருங்கிய வாழ்க்கை வழியாக மற்றவருக்குத் தொற்றி, சிலருக்கு மட்டும் திடீரென்று இரத்தத்திலும் மூளையுறையிலும் பாயும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஐந்தாறு பேர் விறகுப் புகையோடு ஒன்றாகப் படுத்துறங்கும் வாழ்க்கை, மூச்சு வழி பரவும் எந்தக் கிருமிக்கும் வசதியான இடம். இது அங்கே வாழ்பவர்களின் குற்றமில்லை. ஒன்றரை நூற்றாண்டாகத் தேயிலையை விற்றவர்கள் வீட்டைப் பற்றி யோசிக்காததன் விளைவு.

நெருக்கமான இடத்தில் இந்தக் கிருமி என்ன செய்யும் என்பதை நாடு அண்மையில் கண்டது. 2023 ஆகஸ்டில் காலி சிறைச்சாலையில் கைதிகள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் விழுந்தார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. மெனிஞ்சோகொக்கஸ்தான் காரணம் என்று தெரியவந்ததும் சிறைச்சாலையில் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அந்தச் செய்தி சில நாட்களில் மறைந்துபோனது. பாடம் மறையக்கூடாது.

பிறந்த குழந்தைகளுக்குத் தாயின் பிறப்புவழியில் இருக்கும் பி வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸும் ஈ கோலையும் முக்கிய எதிரிகள். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உணவு வழியாக லிஸ்டீரியா வரலாம். காசநோய்க் கிருமி வேறு விதமாக வரும். அது வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் பிடிக்கும். பிள்ளை மெலிந்து, எரிச்சலாக, விளையாட்டில் பிடிப்பில்லாமல், மாலைக் காய்ச்சலோடு இருக்கும். தலைவலியும் வாந்தியும் பின்னரே வரும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்கவே கூடாது.

அபூர்வமான வழிகளும் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, நத்தை வழியாகவோ நத்தையைத் தின்ற உடும்பு வழியாகவோ மனிதனின் மூளைக்குப் போகும். உடும்பு இறைச்சி சாப்பிட்ட பின் இப்படி நோய்வாய்ப்பட்ட ஒருவரைப் பற்றி 2005இல் சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் வைத்தியர்கள் எழுதினார்கள். அவருக்குக் கொடுத்த பூச்சி மருந்து நோயைக் கூட்டியது என்றும் பதிவுசெய்தார்கள். நத்தை ஊரும் தோட்டத்து வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் செய்பவர்கள் இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவ வேண்டும். அதே 2005இல் கொழும்பில் இன்னொரு துயரம் நேர்ந்தது. சுனாமி உதவியாக வந்து, வெக்கையும் ஈரமும் நிறைந்த களஞ்சியத்தில் கிடந்த ஊசிகள் வழியாகப் பூஞ்சை புகுந்து, முதுகில் மரப்பூசி பெற்ற பிரசவத் தாய்மாருக்கு மூளையுறை அழற்சி வந்தது. உதவிப் பொருளையும் ஒழுங்காக வைத்துப் பேண வேண்டும் என்பதை உயிர்களைக் கொடுத்துக் கற்றோம்.

அறிகுறிகள்: எல்லாம் சேர்ந்து வரும் என்று பார்த்திருக்காதீர்கள்

காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்ற மூன்றையும் புத்தகங்கள் சொல்கின்றன. நெதர்லாந்தில் நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வில், இந்த மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் 44 சதவீதம் மட்டுமே. ஆனால் தலைவலியையும் சேர்த்து நான்கில் குறைந்தது இரண்டு அறிகுறிகள் 95 சதவீதத்தினருக்கு இருந்தன. ஆகவே இரண்டு சேர்ந்தாலே போதும், புறப்படலாம். வாந்தியும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொள்வதும், வலிப்பும் சந்தேகத்தை உறுதியாக்கும்.

மெனிஞ்சோகொக்கஸ் இரத்தத்தில் பரவினால் தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றும். கண்ணாடிக் குவளையின் பக்கத்தை அவற்றின் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் நிறம் மறையாவிட்டால் அது அவசர நிலை. நம்முடைய தோல் நிறத்தில் அவை எளிதில் புலப்படா. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் ஆகிய இடங்களில் தேட வேண்டும். அதேவேளை புள்ளி இல்லை என்பதால் நிம்மதியடையவும் கூடாது. பலருக்கு அது வருவதே இல்லை.

கைக்குழந்தையின் நிலை வேறு. அதற்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம், காய்ச்சலுக்குப் பதிலாக உடல் குளிர்ந்தும் போகலாம். பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, தூக்கினால் அழுகை கூடுவது, கீச்சென்ற புதுவிதமான அழுகை, உச்சிக்குழி மேலே எழும்பியிருப்பது ஆகியவைதான் அதன் மொழி. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வேறு அறிகுறி எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

எங்கே இழக்கிறோம் நேரத்தை?

முதல் இழப்பு வீட்டிலே. மல்லித் தண்ணீர், நெற்றிக்குச் சித்தாலேப, பார்வை பார்த்து நூல் கட்டுவது எல்லாம் அன்பின் வெளிப்பாடுகள். அவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நூலைக் கட்டிக்கொண்டே வாகனத்தில் ஏறுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாவது இழப்பு மருந்துக் கடையில். யாருக்கோ எழுதிக் கொடுத்து மிஞ்சிய இரண்டு அன்டிபயோட்டிக் வில்லைகள் இந்நோயைக் குணமாக்காது. காய்ச்சலைச் சற்று மழுங்கடித்து, பின்னால் செய்யும் பரிசோதனையில் கிருமி வளராமல் செய்து, வைத்தியரின் கண்ணை மறைக்கும். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூன்றாவது இழப்பு வாகனத்தில். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும். தோட்டத்துப் பாதையில் அது ஏற முடியாத இடமென்றால் பெரிய பாதைவரை த்ரீவீலில் இறங்கி வந்து சந்திக்கலாம். எந்த வீட்டு த்ரீவீல் இரவில் கிளம்பும், எந்த இடம்வரை அம்பியூலன்ஸ் வரும் என்பதை நோய் வந்த பிறகு யோசிக்கக்கூடாது.

நான்காவது இழப்பு பேச்சில். தமிழ் மட்டும் பேசும் தாய் பதற்றத்தில் நிற்க, சிங்களத்தில் கேள்விகள் வரும்போது பாதி விடயம் விடுபட்டுப்போகும். சிங்களம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சல் எப்போது தொடங்கியது, எத்தனை முறை வாந்தி, வலிப்பு வந்ததா, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட தடுப்பூசிகளின் கதை முழுவதும் அதில் இருக்கிறது.

முதுகில் போடும் ஊசி

நோயை உறுதிசெய்ய, மூளையைச் சூழ்ந்த அந்த நீரில் சிறிதளவை வைத்தியர்கள் முதுகிலிருந்து ஊசியால் எடுப்பார்கள். ஐந்தாவது இழப்பு அந்த ஊசி மீதான பயத்தால் வருகிறது. நமது மக்களிடையே வேரோடியிருக்கும் பயம் இது: "முதுகுத் தண்டில் ஊசி போட்டால் கால் இழுத்துவிடும்." இந்தப் பயத்தால் எத்தனையோ பெற்றோர் கையொப்பமிடத் தயங்கி, ஊருக்குத் தொலைபேசி எடுத்து, பெரியவர்களிடம் கேட்டு, பொன்னான நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

உண்மை இதுதான். வளர்ந்தவரின் முதுகுத் தண்டு இடுப்பின் முதலாம், இரண்டாம் முள்ளெலும்புக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. வைத்தியர் ஊசியை விடுவது அதற்குக் கீழே, மூன்றாம் நான்காம் அல்லது நான்காம் ஐந்தாம் முள்ளெலும்புகளின் இடைவெளியில். குழந்தைகளுக்குத் தண்டு சற்றே தாழ்ந்து முடிவதால் இன்னும் கீழான இடைவெளியைத் தெரிவார்கள். அங்கே தண்டு இல்லை. நரம்புக் கீற்றுகள் மட்டும் நீரில் மிதக்கின்றன. எடுப்பதும் சில மில்லிலீற்றர்தான். உடல் அதைச் சிறிது நேரத்தில் சுரந்து நிரப்பிவிடும். இரண்டொரு நாள் தலைவலி வரலாம், ஊசி விட்ட இடம் வலிக்கலாம். 1891இல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் குவிங்கே இந்த முறையை விவரித்தார். அன்று முதல் இன்றுவரை மூளையுறை அழற்சியை உறுதிசெய்யும் முதன்மையான பரிசோதனை இதுவே. சிலர் அந்த ஊசியையும் அதன்பின் வந்த பாதிப்பையும் இணைத்துப் பேசுகிறார்கள். பாதிப்பைத் தந்தது நோய். ஊசி அதைத் தேடிப்போனது.

அந்த நீர் பல விடயங்களைச் சொல்லும். பற்றீரியாத் தொற்று என்றால் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருக்கும். நியூட்ரோபில் வகை வெள்ளணுக்கள் பெருகி, புரதம் கூடி, குளுக்கோஸ் இரத்தத்தில் உள்ளதைவிட மிகவும் குறைந்திருக்கும். வைரஸ் என்றால் நீர் தெளிவாக, லிம்போசைட் வகை அணுக்களோடு, குளுக்கோஸ் பெரும்பாலும் குறையாமல் இருக்கும். காசநோயில் லிம்போசைட்டுகளோடு குளுக்கோஸும் குறைந்து புரதம் மிக உயரும். நீரை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள், கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள், மரபணுப் பரிசோதனையும் செய்வார்கள். இரத்தப் பரிசோதனையும் கூடவே நடக்கும். நினைவு மிகவும் மங்கியிருந்தாலோ, ஒரு பக்கம் பலவீனம் தெரிந்தாலோ முதலில் சீ.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேனுக்காக மருந்து காத்திருக்காது.

சிகிச்சை

பற்றீரியா என்று சந்தேகம் எழுந்தாலே, நோயாளி வைத்தியசாலைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் அன்டிபயோட்டிக்கை நாளத்தில் ஏற்ற வேண்டும் என்பதே சர்வதேச வழிகாட்டல். செஃப்ட்ரியாக்ஸோன் அல்லது செஃபோடாக்சிம் அடிப்படை மருந்து. மருந்துக்கு அடங்காத நியூமோகொக்கஸ் இருக்கலாமென்றால் வன்கோமைசினும், முதியவர்களுக்கு லிஸ்டீரியாவை நினைத்து அம்பிசிலினும் சேர்ப்பார்கள். முதல் அன்டிபயோட்டிக்கோடு அல்லது அதற்குச் சற்று முன்னரே டெக்ஸாமெதசோன் கொடுப்பது வீக்கத்தைத் தணிக்கும்; நியூமோகொக்கஸ் நோயில் இறப்பையும் குறைக்கும் என்று 2002இல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. மெனிஞ்சோகொக்கஸ் என்றால் சுமார் ஒரு வாரம், நியூமோகொக்கஸ் என்றால் 10 முதல் 14 நாட்கள், லிஸ்டீரியா என்றால் மூன்று வாரமளவு மருந்து ஏறும். காய்ச்சல் விட்டதும் "பிள்ளை நன்றாக இருக்கிறான்" என்று துண்டு வெட்டிக்கொண்டு வீடு திரும்புவது ஆபத்து.

காசநோய் மூளையுறை அழற்சிக்கு 9 முதல் 12 மாதங்கள் மருந்து வேண்டும். வேலைக்கூலி போய்விடுமே என்று ஒரு மாதம் விட்டாலும் நோய் திரும்பலாம். ஹேர்பீஸ் மூளையைத் தாக்கினால் அசைக்லோவிர் இருக்கிறது. மற்றைய வைரஸ்களுக்கு ஓய்வும் நீரும் கவனிப்புமே மருந்து.

மெனிஞ்சோகொக்கஸ் என்று உறுதியானால் கூட வாழ்ந்தவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். சிப்ரோஃப்ளோக்சசின் ஒரே வேளை, அல்லது ரிஃபம்பிசின் இரண்டு நாள். மூளையுறை அழற்சி இலங்கையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். வைத்தியசாலையிலிருந்து எச் 544 படிவம் போகும். சுகாதார வைத்திய அதிகாரியின் சார்பில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். அவர் வருவது குற்றம் கண்டுபிடிக்க அல்ல. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பிள்ளையைக் காப்பாற்றவே வருகிறார். ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

இந்நோய்க்குப் பிறகு கட்டாயம் செய்ய வேண்டியது காது கேட்கும் பரிசோதனை. வீடு திரும்பும் முன்னரோ, தாமதித்தாலும் நான்கு வாரத்துக்குள்ளோ செய்துவிட வேண்டும். செவியின் உட்பகுதி நோயால் எலும்பாக இறுகிப்போகும் முன்பே சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். அது நடக்காவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் "சொன்னதைக் கேட்பதில்லை", "சோம்பேறி" என்று பெயர் வாங்கும். உண்மையில் அதற்குக் கேட்கவே இல்லை. ஆசிரியர்களும் பிள்ளைக் காம்பராவில் கவனிப்பவர்களும் இதை அறிந்திருந்தால் ஒரு பிள்ளையின் படிப்பு தப்பும்.

தடுப்பூசி நமக்குத் தந்தது

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. காசநோய் மூளையுறை அழற்சியிலிருந்து குழந்தையைக் காக்கிறது. ஹிப் என்ற கிருமி ஒரு காலத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்நோயைக் கொடுத்த முன்னணிக் கிருமிகளில் ஒன்று. 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியில் அதற்குரிய மருந்தையும் சேர்த்தார்கள். சில குழந்தைகளின் இறப்புச் செய்தி வந்ததும் அதே ஆண்டு நிறுத்தினார்கள். நிபுணர்கள் ஆராய்ந்து தடுப்பூசியே காரணம் என்பதற்கு ஆதாரமில்லை என்று கண்ட பின்பு 2010இல் மறுபடி தொடங்கினார்கள். கேள்வி எழுந்தபோது நிறுத்தி, ஆராய்ந்து, பதில் கிடைத்ததும் தொடர்ந்த அந்த வரலாறே தடுப்பூசியை நம்பப் போதுமான காரணம். 2, 4, 6 மாதங்களில் அதைப் போடுகிறார்கள். 2011 முதல் போடப்படும் எம்.எம்.ஆர். கூகைக்கட்டையும், அதனால் வரும் மூளையுறை அழற்சியையும் தடுக்கிறது. நியூமோகொக்கஸ் தடுப்பூசியை உங்கள் பிள்ளைக்குப் போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

தெல்தோட்டை, அக்குறணை போன்ற ஊர்களிலிருந்து ஹஜ் கடமைக்குப் போகும் சகோதரர்களுக்கு மெனிஞ்சோகொக்கஸ் தடுப்பூசி கட்டாயம். மக்காவை அடைவதற்குக் குறைந்தது 10 நாட்கள் முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்கள் வழியே இந்நோய் பல நாடுகளுக்குப் பரவியது. தடுப்பூசி ஹஜ்ஜுக்குப் போகிறவரை மட்டுமல்ல, வீட்டில் காத்திருக்கும் பேரப்பிள்ளையையும் காக்கிறது.

தடுப்பூசியின் வலிமைக்கு இன்னொரு சாட்சி ஆபிரிக்கா. செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் நாடுகளில் ஏ வகை மெனிஞ்சோகொக்கஸ் ஆண்டாண்டாக ஆயிரக்கணக்கில் பலி கொண்டது. இந்தியாவின் புனே நகரில் தயாரான மலிவான ஒரு தடுப்பூசியை 2010 முதல் அங்கே பெருந்தொகையாகப் போட்டார்கள். ஏழு ஆண்டுகளுக்குள் அந்த ஏ வகை நோயே அங்கிருந்து துடைத்தெறியப்பட்டது. ஏழை நாட்டுப் பிள்ளைக்கும் காப்பு சாத்தியம் என்பதைக் காட்டிய சாதனை அது.

உடனே புறப்பட வேண்டிய நிலைகள்

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு அல்லது தாங்க முடியாத தலைவலி. காய்ச்சலோடு வலிப்பு. எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, பேச்சு குழறல். அழுத்தியும் மறையாத தோல் புள்ளிகள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அல்லது உடல் குளிர்தல், பால் மறுத்தல், உச்சிக்குழி எழும்புதல். வாரக்கணக்கில் நீளும் காய்ச்சலும் தலைவலியும் மெலிவும்.

தோட்டத்து மகளிர் குழுக்களும், கோயில் பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், குடும்பநலத் தாதியின் கிளினிக் நாளும் இதைப் பேசுவதற்கு இருக்கும் மேடைகள். மாதத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். இரவில் கிளம்பும் த்ரீவீல் யாருடையது, 1990க்கு யார் அழைப்பது, சிங்களம் பேசி யார் உடன் போவது என்று ஒவ்வொரு லயத்திலும் பெயர் குறித்து வையுங்கள். முதுகில் ஊசி போட வைத்தியர் கேட்டால் தயங்காமல் சம்மதிப்போம் என்று இப்போதே, பதற்றம் இல்லாத பொழுதிலேயே, குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். பேராதனையில் மருந்தும் அறிவும் நமக்காகக் கட்டணமின்றிக் காத்திருக்கின்றன. அவற்றைச் சென்றடையும் முடிவை எடுப்பவர் லயத்தில் இருக்கும் தாயும் தகப்பனும்தான். காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, நினைவு தடுமாற்றம் ஆகியவற்றில் இரண்டு ஒரு பிள்ளையில் சேர்ந்துவிட்டாலே மணி எத்தனை என்று பார்க்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.